மாப்பொருள் பிறந்த இடம்

"மாப்பொருள் பச்சையவுருமணியில் ஆக்கப்படுகின்றது" என்னும் வாக்கியம், தமிழ்மொழி மூலம் உயிரியல் கற்கும் மாணவர் இளமையிலேயே மனனஞ் செய்யும் வாக்கியங்களுள் ஒன்றாகும். இலையொன்றை அற்ககோலிற் கொதிக்கவைத்துப் பச்சையத்தை நீக்கி, அதன்மீது அயடீன் கரைசலைச் சொட்டியதும் தோன்றும் கருநீல நிறம் அவ்வாக்கியத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. 1860களில் ஜேர்மனியத் தாவரவியலாளர் யூலியசு சாக்சு இத்தகைய சோதனைகளாலேயே ஒளிக்கும் மாப்பொருளுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். சாக்சு கண்டது பிழையன்று. தரைத்தாவரத்தின் இலையிற் கண்டதனை, ஒளித்தொகுப்புச் செய்யும் உயிர்கள் யாவற்றுக்கும் உரிய விதியாகப் பின்வந்தோர் உயர்த்தியமையே பிழை. அது சொற்சுருக்கத்தால் நேர்ந்த சிறு குறையெனப் பலர் கருதுவர். அக்குறை மாணவரிடமிருந்து மறைப்பது உயிரினக் கூர்ப்பு வரலாற்றின் மிகப் பெரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

இவ்வாதத்தைச் சோதிப்பதற்கு யாழ்ப்பாணத் தீவுகளிலே வேலணையைப் போலப் பொருத்தமான இடம் அரிது. ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட தீவில், ஒருபுறம் பனங்கூடலும் மறுபுறம் ஆழமற்ற கடலுமாக அமைந்த ஊர் அது. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். ஒடியலை இடித்து அரித்த மாவிலே கூழும் பிட்டும். வறண்ட காலத்திலே தீவக மக்களின் வயிற்றைக் காத்த மாப்பொருள் இதுவே. அவ்வூரிலேயே சாட்டிக் கடற்கரைக்குச் சென்றால், அலை ஒதுக்கிய சாதாளை குவிந்து கிடக்கும். தோட்டத்துக்குப் பசளையாகப் பயன்பட்ட அக்குவியலுக்கு ஊரார் இட்ட பெயர் ஒன்றேயாயினும், அதனுட் கிடப்பவை ஒரே குலத்தைச் சேர்ந்தவையல்ல. பனங்கூடலிலிருந்து கடற்கரை வரையுள்ள அச்சிறு தூரத்தினுள் மாப்பொருளின் நூறு கோடி ஆண்டு வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது.

பாக்குநீரிணைக் கரைகளில் ஒதுங்குவனவற்றை நால்வகையாகப் பிரிக்கலாம். முதலாவது கடற்புல். இது அல்காவன்று, தரையில் வாழ்ந்த பூக்குந் தாவரங்களின் வழிவந்து கடலுக்கு மீண்டது. இரண்டாவது உல்வா, கோலேர்ப்பா, அலிமீதா முதலிய பச்சையல்காக்கள். மூன்றாவது கிரசிலாரியா, இப்னியா முதலிய செவ்வல்காக்கள். நான்காவது சர்காசம், பதினா, தேர்பினேரியா முதலிய கபிலவல்காக்கள். நான்கும் சூரிய ஒளியைக் கொண்டு வெல்லம் ஆக்குகின்றன; நான்கிலும் ஒளித்தொகுப்புக்குரிய உருமணி உண்டு. பாடநூல் வாக்கியம் முழுமையான உண்மையாயின் நான்கிலும் மாப்பொருள் உருமணியினுள்ளேயே இருத்தல் வேண்டும். உண்மையில் கடற்புல்லும் பச்சையல்காவும் மட்டுமே அவ்விதிக்கு அமைகின்றன. செவ்வல்காவில் மாப்பொருள் உண்டு. ஆயின் அது உருமணிக்கு வெளியே குழியவுருவில் மணிமணியாகக் கிடக்கின்றது. கபிலவல்காவில் மாப்பொருளே இல்லை. அது சேமிப்பது இலாமினாரின் என்னும் வேறொரு பல்சக்கரைட்டு. விதியென்று கற்பிக்கப்படுவது கரையிற் கிடக்கும் அல்காக்களுள் ஒரு பிரிவுக்கே பொருந்துகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வேறுபாட்டின் பொருளை உணர்வதற்கு மாப்பொருள் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். மாப்பொருள் குளுக்கோசு அலகுகளாலான சங்கிலி. அலகுகள் அல்பா-1,4 பிணைப்பால் நீளவாக்கிற் கோக்கப்பட்டு, இடையிடையே அல்பா-1,6 பிணைப்பாற் கிளைக்கின்றன. பெரும்பாலும் கிளையற்றது அமைலோசு, கிளைத்தது அமைலோபெத்தின். விலங்குகளும் பூஞ்சணங்களும் பற்றீரியாக்கள் பலவும் சேமிக்கும் கிளைக்கோசனும் இதே அலகுகளாலும் இதே பிணைப்புக்களாலும் ஆனதே. வேறுபாடு கிளைகளின் ஒழுங்கிலேயே தங்கியுள்ளது. கிளைக்கோசனிற் கிளைகள் எங்கும் சீராகப் பரந்திருப்பதால் அதன் துணிக்கை ஏறத்தாழ 40 நனோமீற்றர் விட்டத்துக்கு மேல் வளர இயலாது. அது நீரிற் கரையும். அமைலோபெத்தினிற் கிளைகள் கொத்துக் கொத்தாக அமைவதால், கொத்துக்களிடையேயுள்ள சங்கிலிகள் இரட்டைச் சுருளாக முறுக்குண்டு பளிங்குப் படைகளாகப் படிகின்றன. அதனாலேயே மாப்பொருள் மணி கரையாது வளர்கின்றது. உருளைக்கிழங்கில் 100 மைக்கிரோமீற்றர் வரை பெருக்கின்றது. ஒடியல் ஆண்டுக்கணக்கிற் பானையிற் கிடந்து உணவாவதன் இரகசியம் இதுவே.

இம்மணியை ஆக்கும் வேலையில் நால்வகை நொதியங்கள் முறையே பங்குகொள்கின்றன. முதலாவது, குளுக்கோசு அலகை அடினோசின் இருபொசுபேற்றுடன் இணைத்துச் சங்கிலியிற் சேரத்தக்க நிலைக்குக் கொணர்கின்றது. இவ்விணைப்பொருளை 1961இல் இனங்கண்டவர்களுள் ஒருவரான ஆர்சென்டீன அறிஞர் உலூயிசு இலெலுவார், இத்தகைய வெல்ல நியூக்கிளியோதைட்டுக்கள் பற்றிய ஆய்வுக்காக 1970இல் இரசாயன நோபெல் பரிசு பெற்றார். இரண்டாவது நொதியம் சங்கிலியை நீட்டுகின்றது. மூன்றாவது கிளையை ஆக்குகின்றது. நான்காவது செய்வது வியப்புக்குரியது: இடந்தவறித் தோன்றிய கிளைகளை அது வெட்டி நீக்குகின்றது. பிரான்சின் இலில் நகரில் ஸ்டீவன் போலும் அவரோடு உழைத்தோரும் கிளமிடோமோனசு என்னும் ஒருகலப் பச்சையல்காவைக் கொண்டு இதனை 1996இல் விளக்கினர். வெட்டும் நொதியத்தை இழந்த விகாரி மாப்பொருளுக்குப் பதிலாகக் கிளைக்கோசனை ஒத்த கரையும் பொருளையே திரட்டியது. ஆகவே மாப்பொருள் என்பது, கிளைகள் செப்பனிடப்பட்டு ஒழுங்குபெற்ற கிளைக்கோசன் எனலாம்.

இனி வரலாற்றுக்கு வருவோமாயின், பாடநூல் மௌனஞ் சாதிக்கும் இடம் தெளிவாகும். பச்சையவுருமணி ஒருகாலத்திற் சுதந்திரமாக வாழ்ந்த நீலப்பச்சை உயிரி, அதாவது சயனோபற்றீரியா, என்னும் கருத்தை உருசிய அறிஞர் மெரெசுக்கோவ்சுக்கி 1905இல் முன்வைத்தார். லின் மார்குலிசு 1967இல் அதற்குப் புத்துயிர் அளித்தார். இன்று அது ஐயத்துக்கு இடமற்றது. வேறொரு கலத்தினுள்ளே புகுந்து தங்கிய அவ்விருந்தாளியிடமும் குளுக்கோசுச் சேமிப்பு இருந்தது. வீட்டுக்காரனாகிய கலத்திடமும் இருந்தது. விருந்தாளி அடினோசின் வழியிற் சங்கிலி கோத்தது. வீட்டுக்காரக் கலமோ யூரிடீன் இருபொசுபேற்றுக் குளுக்கோசைக் கொண்டு தன் குழியவுருவிற் கிளைக்கோசனை ஆக்கியது. இரண்டு குடும்பங்கள் ஓரடுப்பில் உலைவைக்கத் தொடங்கியபோது யாருடைய பானை, யாருடைய அகப்பை என்ற வினா எழுந்தே தீரும்.

அவ்வினாவின் விடையை இன்றைய உயிர்களின் பரம்பரையலகுகள் தாங்கி நிற்கின்றன. அமைலோசை ஆக்கும், மணியோடு ஒட்டிய நொதியம் சயனோபற்றீரிய வழிவந்தது. கிளையை ஆக்கும் நொதியம் வீட்டுக்காரக் கலத்தின் வழிவந்தது. பனங்கிழங்கிலுள்ள ஒவ்வொரு மாப்பொருள் மணியும் இவ்விரு வழிகளும் கூடிப் பெற்ற பிள்ளை. அக்கூட்டில் முதற்கண் மாப்பொருள் திரண்ட இடம் உருமணியன்று, குழியவுருவே என்பதற்கு வலுவான சான்று, உருமணியை நேரடியாகப் பெற்ற மூன்று பெருங் குலங்களுள் இரண்டு இன்றும் அவ்வாறே செய்வதாகும். செவ்வல்காக்கள் ஒன்று, சயனோபோரா முதலியவற்றைக் கொண்ட கிளோக்கோபைற்றுக்கள் மற்றொன்று. இவை குழியவுருவிலேயே, பெரும்பாலும் யூரிடீன் வழியிலேயே, மாப்பொருளை ஆக்குகின்றன. பச்சைக் குலமொன்றே தொழிற்சாலை முழுவதையும் உருமணிக்குள் மாற்றிக்கொண்டது. அம்மாற்றத்தோடு ஒட்டி நொதியங்களின் பரம்பரையலகுகள் இரட்டித்துப் பெருகியமையை 2008இல் வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

ஆகவே "மாப்பொருள் பச்சையவுருமணியில் ஆக்கப்படுகின்றது" என்பது தொடக்க நிலையைக் கூறும் வாக்கியமன்று. ஒரு குலத்தினர் பிற்காலத்திற் செய்த இடப்பெயர்வின் முடிவைக் கூறும் வாக்கியம். புலம்பெயர்ந்தவர் சென்றடைந்த ஊரையே அவருடைய பிறந்த ஊராக எழுதிவைப்பது எத்துணைப் பிழையோ அத்துணைப் பிழை இதுவும். தீவக மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

உருமணி இருப்பதனால் மட்டும் மாப்பொருள் வந்துவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்றுகளும் உள. இயுகிளினா என்னும் ஒருகல உயிரி பச்சையல்காவொன்றை விழுங்கி உருமணியைப் பெற்றது. அவ்வுருமணியிற் பச்சையம் உண்டு, மாப்பொருள் இல்லை. அது சேமிப்பது பரமைலோன். கபிலவல்காவும் தயற்றமும் செவ்வல்கா வழிவந்த உருமணியைப் பெற்றும் பீற்றா-1,3 பிணைப்புள்ள பல்சக்கரைட்டையே சேமிக்கின்றன. மறுபுறம், தொட்சோபிளாசுமா என்னும் ஒட்டுண்ணி ஒளித்தொகுப்பை முற்றாக இழந்துவிட்டது. எனினும் அல்கா மூதாதையரின் நினைவாக அமைலோபெத்தின் மணிகளைக் குழியவுருவில் இன்றும் வைத்திருக்கின்றது. பச்சையம் உண்டு, மாப்பொருள் இல்லை. பச்சையம் இல்லை, மாப்பொருள் உண்டு. இவ்விரண்டையும் விளக்க மாட்டாத வாக்கியத்தை விதியென்று எங்ஙனம் அழைப்பது?

இதற்கு எதிராகக் கூறப்படக்கூடியவை சில உள. அவற்றைப் புறக்கணித்தல் நேர்மையன்று.

முதலாவது, அல்காக்கள் தாழ்ந்த தாவரங்களாதலின் அவற்றின் விலக்குகளை உயர்ந்த தாவரங்களின் விதியோடு ஒப்பிடலாகாது என்பர். ஏணிப்படி போல உயிர்களை அடுக்கிவைக்கும் இப்பழைய எண்ணமே உண்மையான எதிரி. கபிலவல்கா பனையின் மூதாதையன்று, பனைக்குத் தம்பியுமன்று. அதன் நெருங்கிய உறவினருள் ஒன்று உருளைக்கிழங்கின் பிற்கூற்று வெளிறலை உண்டாக்கும் பைற்றொத்தோரா. 1845 முதல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்திய அதே உயிரி. அதுவும் இலாமினாரினை ஒத்த பல்சக்கரைட்டையே சேமிக்கின்றது. சாட்டியில் ஒதுங்கும் சர்காசம், அருகிலே நிற்கும் பனையைக் காட்டிலும், குடாநாட்டு உருளைக்கிழங்குத் தோட்டக்காரன் அஞ்சும் அந்நோய்க்கே உறவால் அணித்தானது. ஏணியை வைத்துக்கொண்டு இவ்வுறவை ஒருபோதும் காண முடியாது. சேமிப்புப் பொருளைக் கேட்டால் அது சொல்லிவிடுகின்றது.

இரண்டாவது, தொடக்க மாணவர்க்கு எளிமை வேண்டும் என்பர். எளிமை வேண்டும், பொய்மை வேண்டியதில்லை. "பச்சைத் தாவரங்களிலும் பச்சையல்காக்களிலும் மாப்பொருள் பச்சையவுருமணியில் ஆக்கப்படுகின்றது" என்று கூறினால் வாக்கியத்தில் மூன்று சொற்களே கூடுகின்றன. அம்மூன்று சொற்களும் "ஏனையவற்றில் எங்கே?" என்ற வினாவைத் தாமாகவே எழுப்பும். வினாவை எழுப்பும் வாக்கியத்துக்கும் வினாவை அடைக்கும் வாக்கியத்துக்கும் இடையிலுள்ள தூரமே கல்விக்கும் மனனத்துக்கும் இடையிலுள்ள தூரம்.

மூன்றாவது, இத்தகைய நுட்பங்களைத் தமிழிற் சொல்ல இயலாது என்பர். மானிப்பாயிற் சாமுவேல் பிஷ் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஒளித்தொகுப்பு, கூர்ப்பு, நொதியம், உருமணி, பரம்பரையலகு ஆகிய சொற்கள் இலங்கைப் பாடசாலைகளிற் பல தலைமுறைகளாகப் புழங்குகின்றன. சொல் உண்டு, சொல்லப்படும் பொருள் மட்டும் பழையதாகவே நிற்கின்றது. பாடசாலையில் தமிழிற் பதிந்த பழைய வாக்கியம், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற் புதிய செய்தியைக் கற்கும்போதும் அழிவதில்லை. இரண்டும் மோதாது இரு அறைகளில் வாழ்கின்றன. பட்டதாரி ஆசிரியராகி ஊருக்கு மீண்டதும் பழைய அறையின் கதவே திறக்கின்றது.

நான்காவது எதிர்வாதம் வலிமை வாய்ந்தது. கூர்ப்பு வரலாறு இன்னும் விவாதத்துக்குரியது. தீராத வழக்கை வகுப்பறைக்குக் கொண்டுவரலாமோ என்பர். விவாதம் உண்டு என்பது உண்மையே. விருந்தாளியும் வீட்டுக்காரனும் கூடிய காலத்தில் கிளமீடியா இனத்து ஒட்டுண்ணிப் பற்றீரியாவொன்று மூன்றாம் தரப்பாக நின்று நொதியங்கள் சிலவற்றை வழங்கியது எனப் போலும் குழுவினரும் 2013இல் வாதிட்டனர். பரம்பரையலகு மரங்களை மீள ஆராய்ந்த வேறொரு குழுவினர், அம்மூன்றாம் தரப்புக்குத் தேவையே இல்லையென 2015இல் மறுத்தனர். ஆயினும் செவ்வல்காவின் மாப்பொருள் குழியவுருவில் உள்ளது என்பதோ, பச்சைக் குலத்தது உருமணியில் உள்ளது என்பதோ எவராலும் மறுக்கப்படவில்லை. வழக்கு எந்தப் பகுதியில் தீர்ந்தது, எந்தப் பகுதியில் தீரவில்லை என்று பிரித்தறியப் பழக்குவதே விஞ்ஞானக் கல்வி. தீர்ப்புக்களை மட்டும் கேட்டு வளர்ந்தவர் வழக்காடக் கற்பதில்லை.

இஃது ஏட்டளவில் நிற்கும் பிணக்கன்று. அறியாமைக்கு விலை உண்டு. மன்னார்க் குடாவின் இந்தியக் கரையிற் கஞ்சிப்பாசி எனப்படும் கிரசிலாரியா, உலகச் சந்தையில் "சிலோன் பாசி" எனப் பெயர் பெற்றது. புத்தளக் களப்பிலும் திருகோணமலையிலும் வளர்வது. கஞ்சி என்ற பெயரைக் கேட்டோர், சீலைக்குப் போடும் கஞ்சியைப் போல இதுவும் மாப்பொருளே என மயங்குதல் இயல்பு. காய்ச்சியதும் களியாவது ஏகார். அது கலச்சுவரைச் சேர்ந்த கலற்றோசுச் சங்கிலி. அவ்வல்காவின் உண்மையான மாப்பொருள் குழியவுருவில் வேறாகக் கிடக்கின்றது. அண்மைக் காலத்தில் வடமாகாணக் கடல்களிற் பயிரிடப்படும் கப்பாபைக்கசுக்கும் இதுவே பொருந்தும்: வாங்குவோர் விலைகொடுப்பது சுவரிலுள்ள கராசினனுக்கு. பச்சையல்காவான உல்வாவிலிருந்து மாப்பொருளைப் பிரித்தெடுக்கலாமென இசுரேலிய ஆய்வாளர் 2019இற் காட்டினர். எந்த அல்கா எந்தப் பொருளை, கலத்தின் எந்தப் பகுதியில் வைத்திருக்கின்றது என்பதை அறியாதவர் கடலை வளமென்று பேசுவது, கிழங்கையும் ஓலையையும் வேறுபிரித்தறியாதவர் பனையை வளமென்று பேசுவதற்கு ஒப்பாகும்.

அறிவதற்கு அடிப்படையே இல்லாத நாடன்று இது. அயர்லாந்து அல்கா அறிஞர் வில்லியம் ஆவே 1853இல் இலங்கைக்கு வந்து கடலல்காக்களைச் சேகரித்துச் சென்றார். இலங்கைக் கடலல்காக்களைப் பற்றி எம். துரைரத்தினம் எழுதிய விரிவான ஆய்வு 1961இற் கடற்றொழில் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடாக வந்தது. பெயரும் வடிவமும் அறியப்பட்டுவிட்டன. அவ்வறிவு வகுப்பறைக்குள் நுழையும் வாயிலே அடைபட்டுள்ளது.

அவ்வாயிலைத் திறப்பதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. சாட்டியிலிருந்து உல்வா, கிரசிலாரியா, சர்காசம் ஆகிய மூன்றில் ஒவ்வொரு பிடி எடுத்து, மேலே ஒட்டியவற்றைக் கழுவி நீக்கி, இலைக்குச் செய்வதுபோலவே நிறத்தை அற்ககோலால் அகற்றி, மெல்லிய வெட்டுக்களில் அயடீனைச் சொட்டி, நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்தாற் போதும். உல்வாவின் உருமணியில் நீலக் கருமை தோன்றும். கிரசிலாரியாவின் குழியவுருவிலுள்ள நுண்மணிகள், அமைலோசு குன்றிய காரணத்தால், செம்மை சார்ந்த நிறத்தையே காட்டும். சர்காசத்தில் மாப்பொருளுக்குரிய நிறமாற்றம் எதுவும் தோன்றாது. ஒரே கரை, ஒரே ஒளி, ஒரே சொட்டு அயடீன், விடைகள் மூன்று. மூன்றாவது தட்டைக் காணும் மாணவர் "சோதனை பிழைத்துவிட்டது" என்று எழுதுவராயின் குற்றம் அம்மாணவருடையதன்று. சாக்சின் இலையைக் காட்டியவர், அதற்கு அப்பாலும் கடல் உண்டு என்று சொல்லாது விட்டதே குற்றம்.

செவ்வல்காவின் சேமிப்புக்குப் "புளோரிடிய மாப்பொருள்" என வேறு பெயரிட்டு, உண்மையான மாப்பொருளின் வாயிற்புறத்தே நிறுத்திவைத்த காலமும் உண்டு. இப்பொழுது வரலாறு தலைகீழாகப் படிக்கப்படுகின்றது. வாயிற்புறத்தே நிறுத்தப்பட்டதுவே பழைய வீட்டில் இன்றும் வாழ்கின்றது. ஒடியலில் உள்ளதுதான் வீடு மாறியது. ஒடியற்கூழ் குடித்துவிட்டுச் சாட்டிக்கு நடந்து செல்லும் வேலணைப் பிள்ளைக்கு இவ்வுண்மை உரியது. பாடநூலில் மூன்று சொற்களையும் ஆய்வுகூட மேசையில் மூன்று தட்டுக்களையும் சேர்க்க மறுப்பவர்கள், அதனை ஏன் மறுக்கின்றனர் என்பதற்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளனர்.